கவலை ஏலம்

அவரிடம் ஒரு ரகசியத்தைச் சொன்னால் உயிரே போனாலும் இன்னொருவரிடம் சொல்லமாட்டார். ஆனால் நாம் சொல்லிவிட்டு எழுந்து வருவதற்குள் அது தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். இரண்டும் உண்மைதான். அவர் குரலைக் கேட்டவர்களுக்கு இதில் குழப்பம் ஒன்றும் இருக்காது.

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் இளவட்ட வயதிலிருந்து ஏலம் கூறியவர். பனவடலிசத்திரம் பக்கமிருந்தும் கரிவலம்வந்தநல்லூர் பக்கமிருந்தும் மல்லியும் பிச்சியும் கேந்தியும் பைக்கில் வந்து இறங்கும். கடைக்கு ஒருவர் நின்றுகொண்டு ஒரே நேரத்தில் விலை கூவுவார்கள். அத்தனை கூச்சலுக்கும் மேலே எழும்புகிற குரலுக்குத்தான் வியாபாரம். அவர் கூவினால் பஸ் ஸ்டாண்டில் கேட்கும் என்பார்கள். மிகையில்லை, நான் பஸ் ஸ்டாண்டில் நின்று கேட்டிருக்கிறேன். ஊரில் எவரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் ஏலக்கார அண்ணாச்சி. நானும் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் இறந்து இரண்டு ஆடித்தபசுத் திருவிழா முடிந்துவிட்டது.

நான் கிளை நூலகத்தில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலையில் இருந்த காலம் முழுக்க நான் அதிகம் சொன்ன வார்த்தை ‘உஷ்’. வீட்டிலும் அப்படித்தான். நான் ஏதாவது சொன்னால், அடுப்படியிலிருந்து என் மனைவி “என்னது?” என்று கேட்டு, நான் இன்னொரு தடவை சொன்னால்தான் போய்ச் சேரும். அப்படிப்பட்ட என்னையும் அவரையும் ஜோடி சேர்த்துவிட்டது ஒரு பயிற்சி வகுப்பு.

கடையை மகனிடம் கொடுத்துவிட்டு அவர் வீட்டோடு இருக்கத் தொடங்கிய புதிது. தொட்டிலில் பேரப்பிள்ளை. இவர் “தண்ணி கொண்டாம்மா” என்றால் தண்ணீர் வருவதற்கு முன்னால் பிள்ளையின் அழுகை வரும். மருமகள் நல்ல பெண். “மாமா, பென்ஷனர் சங்கத்துல ஃபேன் நல்லா ஓடுதாமே, அங்கன போய் உக்காந்தா காத்தோட்டமா இருக்கும்லா?” என்று பக்குவமாகச் சொல்லி வெளியே அனுப்பிவைத்தாள். பென்ஷனே வாங்காத அவர் அப்படித்தான் பென்ஷனர் சங்கத்துக்கு வந்தார். மனைவி இறந்த பிறகு வீட்டில் இருக்கப் பிடிக்காமல் நானும் அங்கேதான் கிடந்தேன்.

ஒருநாள் திருநெல்வேலியிலிருந்து மனநல ஆலோசகர் அம்மா ஒருவர் வந்தார். வயதானவர்களின் மனக்கஷ்டத்தை வயதானவர்களே உட்கார்ந்து கேட்கலாம், பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், காதும் பொறுமையும் போதும், வெளியூர்களில் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார். எல்லோரும் தலையாட்டினோம். பிறகு விதிகளைச் சொன்னார். குறுக்கே பேசக் கூடாது. கேட்டதை வெளியே சொல்லக் கூடாது. அவர்கள் சொன்னதையே நம் வாயால் ஒருமுறை திருப்பிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் கேட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும். முக்கியமாக, புத்தி சொல்லக் கூடாது.

“புத்தி சொல்லக் கூடாதுன்னா பிறகு நாங்க எதுக்கும்மா?” என்று சங்கச் செயலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. வாழ்க்கை முழுக்கச் சேர்த்துவைத்த புத்தியை இனி எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? டீ வந்தபோது பாதிப் பேரைக் காணவில்லை. மிச்சமிருந்தவர்களை இருவர் இருவராக உட்காரவைத்து, ஒருவர் ஏதாவது ஒரு கவலையைச் சொல்லுங்கள், மற்றவர் கேளுங்கள் என்றார் அந்த அம்மா. எனக்கு எதிரே ஏலக்கார அண்ணாச்சி வந்து உட்கார்ந்தார்.

சும்மா ஒரு கவலையைச் சொல்லிவைப்போம் என்று, “ராத்திரி சரியாத் தூக்கம் வரல” என்றேன், என் நூலகக் குரலில்.

அவர் கண்ணை மூடி, வலது காதை என் பக்கம் திருப்பிக் கேட்டார். மார்க்கெட்டில் வியாபாரிகள் விலையை உதட்டுக்குள்தான் முணுமுணுப்பார்களாம், பக்கத்துக் கடைக்காரனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று. அதைப் பிடித்துப் பழகிய காது. கேட்டுமுடித்துக் கண்ணைத் திறந்து சொன்னார்:

“உமக்கு ராத்திரி சரியாத் தூக்கம் வரமாட்டேங்கு! அதானவே?”

சன்ஷேடில் இருந்த புறாக்கள் மொத்தமாகப் பறந்தன. அந்த அம்மா நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அன்று சாயங்காலம் எதிர்த்த டீக்கடைக்காரர் எனக்கு டீ தர மறுத்துவிட்டார். “தூக்கம் வராத மனுசனுக்கு இந்நேரத்துல டீயா? பாலு குடிங்க சார்” என்றார்.

ஆனால் நான் சொல்லவந்தது அதுவல்ல. புறாக்கள் போன பிறகு அவர், “வேற எதும் உண்டுமா? ஒருதரம்…” என்றார். நான் இல்லை என்று தலையசைத்தேன். “ரெண்டுதரம்…” என்றார். அதோடு நின்றுவிட்டார். மூன்றைச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை, “கட்டில்ல ஓரமாப் படுத்தே பழகிட்டேன் அண்ணாச்சி. இப்ப முழுக் கட்டிலும் காலியாக் கெடக்கு. இன்னும் ஓரமாத்தான் படுக்கேன்” என்றேன். அதை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் மகனிடம்கூட.

அவர் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. “மூணுதரம்” என்று தொடையில் ஒரு தட்டுத் தட்டினார், அவ்வளவுதான்.

இது என்ன முறை என்று அந்த அம்மா ஆசையாகக் கேட்டார். “மார்க்கெட்டு மொறதாம்மா. ரெண்டுதரத்துக்கு முந்திச் சொல்லுததெல்லாம் சும்மா ஒப்புக்குச் சொல்லுத வெல. ரெண்டுக்கும் மூணுக்கும் நடுவுல கொஞ்சம் பொறுத்தா நெசமான வெல தானா வரும்” என்றார். “ரொம்ப நல்லாருக்கு ஐயா, சத்தத்தை மட்டும் கொஞ்சம்…” என்று அந்த அம்மா இழுத்தார்.

“கொறச்சிருதேன்!” என்றார் அவர். திரும்பி வந்து உட்கார்ந்திருந்த புறாக்கள் மறுபடி பறந்தன.

எங்கள் ஊரில் கவலை கேட்கும் சேவை இப்படித்தான் ஆரம்பமானது. முதலில் எங்களைக் கூப்பிட்டது சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா. மகன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். மகன், மருமகள் வேலை, பேத்தியின் படிப்பு என்று சுற்றிச்சுற்றிப் பேசினார். குறையே இல்லை என்றார். அண்ணாச்சி ஒருதரம் என்றார், ரெண்டுதரம் என்றார், பொறுத்தார். அந்த அம்மாவின் கண் கலங்கியது.

“எத்தன பிள்ளைகளப் பாத்து சாப்டியா சாப்டியான்னு கேட்டிருப்பேன். எங்கிட்ட ஒரு நாதியும் கேக்கமாட்டேங்கு அண்ணாச்சி” என்றார், மருமகளுக்குக் கேட்காதபடி மெதுவாக.

“உங்கள ஒருத்தரும் சாப்டியான்னு கேக்கல! அதான தாயி?” என்றார் அண்ணாச்சி.

மறுநாளிலிருந்து பால்காரர் கேட்டார், இஸ்திரி போடுகிறவர் கேட்டார், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவரும் தோளில் சிலிண்டரோடு நின்று கேட்டார். மருமகள் ஆபீசிலிருந்து போன் போட்டுக் கேட்டாள். ஒரு வாரத்தில் அந்த அம்மா எங்களைத் தேடிச் சங்கத்துக்கே வந்துவிட்டார். “நிம்மதியா வாசல்ல நிக்க முடியல. போறவன் வாறவன் எல்லாம் சாப்டியளா சாப்டியளாங்கான். சாப்டேன்னு சொல்லிச் சொல்லி வாயி வலிக்கு” என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

சங்கச் செயலாளருக்குக் கோபம். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பதுதானே விதி என்றார். அண்ணாச்சிக்கு நிஜமாகவே புரியவில்லை. “நான் யாருகிட்டவே சொன்னேன்? அவங்க சொன்னத அவங்ககிட்டதான திருப்பிச் சொன்னேன்!” என்றார்.  அன்றிலிருந்து தெருவில் எங்கள் சேவைக்குப் பெயர் ‘கவலை ஏலம்’ என்றாகிவிட்டது.

புகழ் கடையநல்லூர் வரை போனது. அங்கே பிள்ளைகள் எல்லாம் துபாயில் இருக்கிற ஒரு பாய் கூப்பிட்டனுப்பினார். பெரிய வீடு, தனி ஆள். பிள்ளைகள் பாசத்தில் கூடத்திலும் முற்றத்திலும் கேட்டிலும் கேமரா மாட்டி அங்கிருந்து போனில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நான் மௌத்தானாக்கூட எனக்கு முந்தி அவனுகளுக்குத் தெரிஞ்சிரும்” என்று பாய் சிரித்தார். ரெண்டுதரத்துக்குப் பிறகு சிரிப்பு நின்றது. “எவ்வளவு நேரம் பாக்கானுவ. ஒரு வார்த்த பேச மாட்டேங்கானுவளே” என்றார்.

“பிள்ளைங்க பாத்துக்கிட்டே இருக்காங்க, பேசமாட்டேங்காங்க! அதான பாய்?”

கேமராவில் மைக் இருக்கும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? யாரோ வீட்டுக்குள் புகுந்து வாப்பாவை மிரட்டுகிறான் என்று துபாயிலிருந்து மூத்த மகன் அலறி அடித்துப் போன் செய்தார். விஷயம் தெரிந்த பிறகு வாப்பாவும் மகனும் வெகுநேரம் பேசினார்கள். நாங்கள் டீ குடித்துவிட்டுச் சொல்லாமல் கிளம்பினோம். கூடத்துக் கேமராவை அப்புறம் கழற்றிவிட்டார்களாம்.

இப்படி எல்லோருக்கும் நல்லதாக முடிந்துகொண்டிருந்தபோதுதான் என் விஷயம் வந்தது. ஒரு சாயங்காலம் காய் வாங்கிக்கொண்டு ரதவீதியில் வந்துகொண்டிருந்தேன். திடீரென்று வீட்டுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியவில்லை. பிறந்து வளர்ந்த ஊர். கோயில் கோபுரம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. நான் பையோடு நிற்கிறேன். யாரோ தெரிந்தவர் “வீட்டுக்கா சார்? வாங்க” என்று பைக்கில் ஏற்றிக்கொண்டதால் தப்பித்தேன். அடுத்த வாரம் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, வைத்ததையே மறந்து பாத்திரம் கரிந்தது. அதற்கடுத்து இன்னொரு முறை வழி மறந்தது.

 மகன் பெங்களூரில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறான். “அங்க தனியா இருந்து என்னப்பா பண்றீங்க?” என்று ஏற்கெனவே நச்சரிக்கிறவன். இது தெரிந்தால் மறுநாளே வந்து வீட்டைப் பூட்டி என்னை அள்ளிக்கொண்டு போய்விடுவான். என்னால் என் மனைவி இருந்த வீட்டை விட்டுப் போக முடியாது. யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். கேட்க இருக்கிற ஒரே ஆளோ ஏலக்கார அண்ணாச்சி. அவரிடம் சொன்னால் டீக்கடைக்காரரே என் மகனுக்குப் போன் போட்டுவிடுவார்.

அவர் என் முகத்தைப் பார்த்தே பிடித்துவிட்டார். “எங் கொரலுக்குப் பயந்துதான வாயத் தொறக்கமாட்டேங்கீரு?” என்றார். அவர் முகம் சுண்டிப் போனது. இரண்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்து, “மெதுவாப் பேசப் பழகிட்டு வந்திருக்கேன், கேளும்” என்றார். வாயைக் குவித்து, கழுத்து நரம்பு புடைக்க, ரகசியமாகக் கேட்டார்: “என்னவே பிரச்சின?”

“மோட்டார் ஓடமாட்டேங்கு அண்ணாச்சி!” என்று அடுத்த வீட்டம்மா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் சொன்னார்.

அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, “காலையில மார்க்கெட்டுக்கு வாரும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் போனேன். ஏலம் உச்சத்தில் இருந்தது. நாலா பக்கமும் விலை பறக்கிறது, தராசில் தட்டு இடிக்கிறது, பைக்குகள் உறுமுகின்றன. கேந்தி மூடைகளுக்கு நடுவே இரண்டு ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தார். “இப்பம் சொல்லும்” என்று காதை என் வாயருகே கொண்டுவந்தார். சொன்னேன். வழி மறந்தது, பால் கரிந்தது, பெங்களூர் எல்லாவற்றையும். அவர் நிமிர்ந்து தன் முழுத் தொண்டையில் திருப்பிச் சொன்னார்:

“உமக்குப் புத்தி கலங்கிருமோன்னு பயமா இருக்கு! வீட்ட விட்டுக் கூட்டிட்டுப் போயிருவானோன்னு அதவிடப் பயமா இருக்கு! அதானவே?”

ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த பெண்கூட நிமிரவில்லை. அந்த இரைச்சலில் நான் குலுங்கி அழுததும் ஒருவருக்கும் கேட்கவில்லை. மனைவி போன பிறகு அன்றுதான் அழுதேன்.

புத்தி சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. வாய் திறக்கும், மூடும். கடைசியில் ஆலோசகர் அம்மா சொல்லிக்கொடுத்தபடியே, “நீரு என்ன செய்யணும்னு நெனைக்கீரு?” என்று மட்டும் கேட்டார். டாக்டரைப் போய்ப் பார்க்கிறேன் என்றேன். “பாக்கேன்னு இல்லவே, பாப்போம்னு சொல்லும், நானும் வாரேம்லா” என்றார்.

திருநெல்வேலி டாக்டர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, ஒரு சத்து அடியோடு குறைந்து கிடக்கிறது என்றார். டீயும் ரஸ்க்குமாகவே காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தால் வேறென்ன ஆகும் என்றார். ஊசி போட்டார்கள். ராத்திரித் தூக்கமும் வந்தது. இன்றும் சில பெயர்கள் நாக்கு நுனியில் நின்று விளையாட்டுக் காட்டும், ஆனால் வீட்டுக்கு வழி மறக்கவில்லை. அதற்குப் பிறகு ரகசியமான கவலைகளுக்கெல்லாம் மார்க்கெட்தான் இடம். கதவைச் சாத்திக்கொண்டு கேட்க எங்களுக்கு அறை தேவைப்படவில்லை.

அடுத்த வருஷம் அந்தக் குரல் கம்மத் தொடங்கியது. பனங்கற்கண்டு, மிளகு, சுடுதண்ணீர் என்று பார்த்தார். ஒருநாள் காலையில் என்னை மார்க்கெட்டுக்குக் கூப்பிட்டார். அதே மூடைகள், அதே ஸ்டூல். இந்த முறை அவர் பேச, நான் காதைக் கொடுத்தேன். குரல் கரகரவென்று உள்ளேயே அரைபட்டது. தொண்டையில் கட்டி. கெட்ட கட்டி. பாளையங்கோட்டையில் ஆபரேஷன் செய்தால் பிழைத்துக்கொள்ளலாம், ஆனால் குரல் போய்விடும். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

“ஆபரேசன் இப்பம் வேண்டாம்வே. முகூர்த்த நாளா வருது, மவன் தனியாக் கஷ்டப்படுவான்” என்றார்.

எனக்கு அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, “வேற எதும் உண்டுமா அண்ணாச்சி? ஒருதரம்…” என்றேன்.

“ஆடித்தபசு வேற வருது.”

“ரெண்டுதரம்…” என்றேன். பொறுத்தேன். அந்த இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எவ்வளவு நேரம் சும்மா இருக்க வேண்டும் என்பது, இந்தப் பக்கம் உட்கார்ந்தால்தான் தெரிகிறது.

அவர் குனிந்து ஒரு கேந்திப் பூவைப் பிய்த்தார். “சத்தம் போயிட்டா நான் யாருவே?” என்றார். “அதுக்கு இப்பிடியே போயிரலாம்.”

பிறகு தன் காதைத் தொட்டுக் காட்டினார். திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னேன். பக்கத்து ஏலத்தின் கூச்சல் உச்சத்துக்கு ஏறியிருந்தது, அந்தக் காதுக்கே கேட்கவில்லை. என் குரல் அப்படி. மறுபடி சொன்னேன். மறுபடியும் கையை ஆட்டினார். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ, எழுந்து நின்று, வாழ்க்கையில் முதல்தடவையாகக் கத்தினேன்:

“சத்தம் போயிட்டா நான் யாருன்னு உங்களுக்குப் பயம்! அந்தப் பயத்துல ஆபரேசன் வேண்டாம்னு சாகத் துணிஞ்சிட்டீய! அதான அண்ணாச்சி?”

என் நேரம், சரியாக அந்த நொடியில் ஏலங்கள் எல்லாம் ஓய்ந்து மார்க்கெட் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பைக் கூட ஓடவில்லை. ஊரே திரும்பிப் பார்த்தது. தராசுக்குப் பக்கத்தில் நின்ற அவர் மகன், கையிலிருந்த மல்லியைக் கீழே போட்டுவிட்டு, “யாருப்பா சாகப்போறா?” என்று ஓடிவந்தான்.

அண்ணாச்சி என்னை முறைத்தார். “ஒம்மகிட்ட மட்டுந்தானவே சொன்னேன்” என்றார், அந்தக் கரகரப்பில்.

“நானும் உங்ககிட்ட மட்டுந்தான் திருப்பிச் சொன்னேன்” என்றேன்.

பூக் கட்டுகிற பெண் கட்டியிருந்த சரத்தை மடியில் வைத்துவிட்டு அழுதுகொண்டே சொன்னாள். “கொரலா எங்க கவலைய வந்து கேட்டுச்சு? நீங்க ஆளு உசுரோட இருங்க அண்ணாச்சி, சத்தம் நாங்க போட்டுக்கிடுதோம்.” அவர் அவளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிய்த்த பூவைப் பார்த்தார். பிறகு மகன் தோளைப் பிடித்து எழுந்தார்.

ஆபரேஷனுக்குப் பிறகும் சில வருஷங்கள் இருந்தார். விரலாலேயே கவலை கேட்டார். திருப்பிச் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. இப்போது நான் பேசினால் டீக்கடை வரை கேட்கிறதாம். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த முதல் நாளைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

கழுத்தில் கட்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வீடு அமைதியாக இருந்தது. தொட்டிலில் இரண்டாவது பேரப்பிள்ளை தூங்கியது. வாசலிலேயே மருமகள் என்னிடம், “பிள்ள அது பாட்டுக்குத் தூங்குது சார். எழுப்ப ஆளில்ல” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். நான் மல்லி விலையைச் சொன்னேன். டீக்கடைக்காரர் விசாரித்ததைச் சொன்னேன். மழை வரும்போல இருக்கிறது என்றேன்.

அவர் ஒரு விரலைத் தூக்கினார்.

பக்கத்து வீட்டு மோட்டார் சரியாகிவிட்டது என்றேன். இரண்டாவது விரலைத் தூக்கினார். தூக்கியபடியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். அவர் விரலை இறக்கவில்லை.

“நீங்களும் போயிருவீயளோன்னு பயந்துட்டேன் அண்ணாச்சி” என்றேன். “எனக்கு வேற யாரு இருக்கா?”

மூன்றாவது விரல் எழுந்தது. பளீரென்று தொடையில் ஒரு தட்டுத் தட்டினார். தொட்டிலில் பிள்ளை தூக்கிவாரிப் போட்டு வீரிட்டது. அடுப்படியிலிருந்து மருமகள், “எழுப்பிட்டீயளா மாமா?” என்று கரண்டியோடு ஓடிவந்தாள். அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.